ஓரங்களை வெட்டவும்

ஒரு பக்கத்துக்கு நாலு ரூபா.
படம் பிடி, நேராக்கு, ஓரங்களை வெட்டு,
எழுத்தை எந்திரம் வாசிக்கட்டும்,
அது பிழைவிடும் இடத்தில் நீ திருத்து.
கொக்குவில் சந்திக்கு உள்ளே
மோட்டார்ச் சைக்கிள் திருத்தும் கடைக்கு மேல் எங்கள் அறை.
கீழே என்ஜின் உறுமினால் கமெரா நடுங்கும்,
வேதாந்தம் மங்கலாக விழும்.

பழைய அச்சு எந்திரத்துக்குப் பிடிபடாது.
'ஆன்மா'வை 'ஆமா' என்று வாசிக்கும்.
(எங்கள் ஊரில் யாரும் ஆமா என்பதில்லை,
ஓம் என்போம்.)
'வீடுபேறு' அதற்கு 'வீடு வேறு'.
அதை மட்டும் மூன்று நாள் திருத்தாமல் விட்டேன்.
எங்கள் வீடும் வேறுதான்,
முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம்,
கிணறு மட்டும் மிச்சம்.

அடுத்த மேசையில் நிரோஜன்,
ஒரு காதில் ஆங்கிலச் சோதனைக்கான ஒலிப்பதிவு,
மறு காது எனக்கு.
"இதையெல்லாம் ஆர் வாசிக்கப்போகினம், கீர்த்தனா?"
நான் பதில் சொல்வதில்லை.
பள்ளிக்கூடத்தில் சைவசமயத்துக்கு எனக்கு ஏ.
கருத்தெழுதுக, ஐந்து புள்ளி.
எழுதினேன், ஐந்தும் தந்தார்கள்.

இன்று வந்த புத்தகம் சுன்னாகத்திலிருந்து,
பால்மாப் பெட்டிக்குள்.
பெயரைக் கறையான் தின்றிருந்தது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
உயிருக்குச் சாவில்லை என்று
ஒரு முழம் நீள விளக்கம்.
போன ஆடியில் பண்ணைப் பாலத்தில்
தர்மிகன் மோட்டார்ச் சைக்கிளோடு சறுக்கிப் போனபோது
செத்தவீட்டில் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள்.
நானும் தலையாட்டிவிட்டு
தேத்தண்ணி பரிமாறினேன்.

அச்சுக்கு வெளியே, இடப்பக்க ஓரத்தில், பென்சில்:

31.10.95 நாவற்குழி. மழை.
அரிசி 2 கொத்து. மண்ணெண்ணெய் அரைப் போத்தல்.
பனடோல் 6.

அதன் கீழே, தாள் கிழியுமளவு அழுத்தி:

உயிர் சாகாதெண்டால்
பாலத்தடியில நாங்கள் விட்டிட்டு வந்தது ஆரை?

கை மவுசிலேயே இருந்தது.
கீழே ஆரோ ஸ்பானரைத் தவறவிட்டார்கள்.
இப்படிக் கேட்கலாம் என்று
எனக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை,
அதுவும் புத்தகத்திடமே.

பக்கம் பக்கமாகத் தேடினேன்.
பற்றை விடு என்ற இடத்தில்:
விட்டாச்சு. வீடு, மாடு, தையல் மெசின்.
இன்னும் என்ன?
வேறொரு செய்யுளுக்குப் பக்கத்தில்
'இது எனக்குச் சொன்னதில்லை',
பிறகு அந்த வரி வெட்டப்பட்டிருந்தது,
வெட்டிய கோடு நேராகவும் இல்லை.
நூற்று நாற்பதில் ஒரேயொரு சொல்:
ஓம்.
மந்திரமோ சம்மதமோ தெரியவில்லை.

பின்னட்டையின் உட்புறத்தில் நேரசூசி.
திங்கள் பௌதிகம், செவ்வாய் தூய கணிதம்,
வெள்ளிக்கு எதுவும் எழுதப்படவில்லை.
பதினெட்டு வயது இருக்குமா?
பெட்டையோ பெடியனோ,
இப்போது எந்த நாட்டுப் பனியிலோ,
அல்லது அந்த வெள்ளிக்கிழமையிலேயோ.

நிரோஜன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு வந்தான்,
குனிந்து வாசித்தான், இரண்டு தரம்.
"பாலம் இப்ப புதுசு" என்றான்.
"நான் ஒவ்வொரு நாளும் அதாலதான் வாறன்."
பிறகு தன் மேசைக்குப் போனான்.
ஒலிப்பதிவை மறுபடி போடவில்லை.

திரையில் பச்சைச் சட்டகம்
அச்சை மட்டும் இறுக்கிப் பிடித்து நின்றது,
பென்சில் முழுதும் அதற்கு வெளியே.
ஓரங்களை வெட்டவா? ஆம். இல்லை.

இல்லை என்றால் அளவு பிழை,
திருப்பி அனுப்புவார்கள், காசு வராது.
சட்டகத்தின் நாலு மூலையையும் பிடித்து
தாளின் விளிம்பு வரை இழுத்தேன்,
கறையான் கடித்த இடமும் தெரிய.

'குறிப்பு' என்றொரு கட்டம் இருக்கிறது.
ஆறு மாசமாக அதில் 'இல்லை' என்றே அடித்து வந்தேன்.
தர்மிகனின் பெயரை அடித்தேன், அழித்தேன்.
அந்தக் கேள்வியை அடித்தேன்,
அது ஏற்கெனவே படத்தில் இருந்தது, அழித்தேன்.
கடைசியில்
'வாசித்த ஆள் உண்டு' என்று அடித்து
அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது

கீழே ஒரு என்ஜின் உறுமியது.
படம் நடுங்கிப்போயிருந்தது.
நூற்றுப் பன்னிரண்டை
மறுபடி எடுக்கவேண்டும்.