நிர்வகிப்பவர்

செபராங் ஜெயாவில் ஒரு ஹோட்டலின் நான்காம் மாடி.
குளிர் தாங்கவில்லை. துப்பட்டாவைக்
கழுத்தில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன்.
சட்ட மறுஆய்வுக் கூட்டம்.
தொழிலாளர் தரப்பில் என்னை அழைத்திருந்தார்கள்.
பெயரட்டையில் ஓர் எழுத்து குறைந்திருந்தது;
சொல்லவில்லை.

மேசையில் தடித்த தாள்கள்.
இடப்பக்கக் கட்டத்தில் ஆபத்து,
வலப்பக்கத்தில் 'நிர்வகிப்பவர்'.
கொதிகலன் இந்த இலாகாவுக்கு.
அதற்குள் போகும் மின்கம்பி அந்த ஆணையத்துக்கு.
சாரம் வாரியத்துக்கு,
சாரம் சரிந்து விழும் நடைபாதை நகராட்சிக்கு.
வெளிநாட்டுத் தொழிலாளியின் பெர்மிட் குடிநுழைவுக்கு,
அவன் படுக்கும் இரண்டடுக்குக் கட்டில் வேறொருவருக்கு.
கட்டிலின் மூட்டைப்பூச்சிக்கு நேரே மட்டும்
கட்டம் காலி.
அதுதான் தவறாமல் ஷிப்ட்டுக்கு வருகிறது.

திரையில் பழைய சட்டம் ஒரு பெட்டி, புதிய சட்டம் ஒரு பெட்டி,
நடுவே ஓர் அம்புக்குறி.
வழக்கறிஞர் கூ பொத்தானை அமுக்க
மேல்பெட்டி மெல்ல இறங்கிக்
கீழ்ப்பெட்டியின் மேல் பொருந்தியது.
அறையில் யாரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.
நான் இழுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் பிறை.
இரவு ஷிப்ட். பிரஸ் மெஷினின் ஒளித்திரைக்குக்
கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.
கை குறுக்கே வந்தால் மெஷின் நிற்கும்,
நின்றால் எண்ணிக்கை குறையும், அதனால்.
தில் பகதூர் தாமாங், வந்து ஒன்பது வாரம்,
கத்தவில்லை. கையுறையை உற்றுப் பார்த்தான்,
விலையைச் சரிபார்ப்பவன் போல.

தகரச் சீவலுக்கடியில் நான்தான் தேடி எடுத்தேன்.
கழுவினால் அழுக்கு போன நகம்.
நகத்தின் அடியில் வெள்ளையாக
ஒரு பிறை.

கேண்டீனில் மைலோவுக்கு வைத்திருந்த ஐஸில் போட்டு
மடியில் வைத்துக்கொண்டு போனேன்.
தாமதம் என்றார்கள்.

அப்புறம் தொடங்கியது.
அவன் எங்கள் ஆள் இல்லை என்றது கம்பெனி,
மெஷின் எங்களுடையது இல்லை என்றார் ஏஜெண்ட்,
டேப் தங்கள் கடைச் சரக்கு இல்லை என்று
ஹார்ட்வேர்க் கடைக்காரர்கூடச் சொல்லியிருப்பார்,
கேட்டிருந்தால்.
என்சிக் ரஸ்லி வந்தார், நல்ல மனிதர்.
காரின் பின்சீட் முழுக்க வேறு தொழிற்சாலைகளின் கோப்புகள்.
கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி
என்னிடமே பேனா கேட்டு வாங்கி எழுதினார்.

"மூன்று நிமிடம்" என்றார் தலைவர்.
எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டேன்.
எந்தச் சட்டம் யாருக்கு என்பது இருக்கட்டும் ஐயா,
விடிகாலை மூன்று மணிக்கு
இந்தத் தாளின் கடைசியில் உள்ள எண்ணுக்கு அடித்தால்
போனை எடுப்பவர் யார்?

நல்ல கேள்வி என்றார்கள்.
நல்ல கேள்விகளுக்கென்று ஓர் இணைப்பு இருக்கிறதாம்,
அதில் சேர்ப்பார்களாம்.
கரிபாப் சூடாக இருந்தது. இரண்டு தின்றேன், பொய் சொல்வானேன்.

அன்றிரவு எனக்கும் ஷிப்ட்.
ஏழாம் மெஷினில் மறுபடி டேப்.
நகத்தால் கீறி உரித்தேன்; பசை ஒட்டிக்கொண்டு வந்தது.
கையைக் குறுக்கே நீட்டினேன்.
மெஷின் நின்றது.
அதன் பின்னால் வரிசை முழுதும்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார்.
யார் நிறுத்தியது, யார் சொல்லி,
யாருக்கு இதில் அதிகாரம் என்றார்.
அவர் கையில் ஒரு படிவம் இருந்தது, அதிலும் கட்டங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், வலப்பக்கத்தில்:
திலகேஸ்வரி.
எழுத்தெல்லாம் இருக்கட்டும்.