இடைவேளைக்குப் பிறகு

பாப்கார்ன் கூம்பின் அடியில்
உப்பும் பொரியாத நாலு சோளமும் மிச்சமிருந்தபோது
தூங்கிப்போனேன்.

அதுவரைக்கும் கதை தெரியும்.
கடலுக்கடியில் ஓர் ஊர்.
பிறக்கிற எல்லாருக்கும் ஒரு சத்தம் கொடுத்தனுப்புகிறார்கள்.
நண்டுக்குக் கிடுகிடு.
திருக்கைக்கு நீளமாய் ஒரு 'உம்'.
ஊதா நிற நத்தையின் முறை வரும்போது
கவுண்டரைச் சாத்திவிடுகிறார்கள்.
"அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்று
சென்னைத் தமிழில் கேட்டுவிட்டு அது கிளம்புகிறது.
நத்தைக்கு நம்மூர்ப் பேச்சு வராதாமா என்று
பின்வரிசையில் யாரோ சொல்ல
தியேட்டர் மொத்தமும் சிரித்தது.
அந்தச் சிரிப்போடு கண் சொருகியது எனக்கு.

முந்தின ராத்திரி டூட்டி.
பெரியாஸ்பத்திரி, இதய வார்டு.
பசை தடவி, ஒயர் மாட்டி
இளஞ்சிவப்புக் கட்டத்தாளில்
மேடும் பள்ளமும் வாங்குவது என் வேலை.
மூணு பத்துக்கு
உசிலம்பட்டிக்காரர் ஒருவரின் தாள்
நேர்கோடாய் வந்தது.
நேரம் எழுதிக் கிழித்தேன்.

அப்போதுதான் கட்டிலுக்கடியில்
மஞ்சப்பைக்குள், அவர் சட்டைக்குள்
ஒரு குத்துப்பாட்டு ஆரம்பித்தது.
எடுத்துப் பார்த்தேன்.
'வீடு' என்றிருந்தது.
வீடு அழைக்கிறது.
நின்றது.
மறுபடியும் அழைத்தது.
மூன்றாம் தடவை பல்லவி முடிந்து
சரணத்தில் கால்வைத்தது பாட்டு.
பேசுவது என் வேலையில்லை.
பேசினேன்.

ஆக, வாழ்க்கைக்கு அர்த்தம் சொன்ன முக்கால் மணி நேரமும்
நான் வாய் பிளந்து கிடந்திருக்கிறேன்.
விளக்கு போட்டதும் பார்த்தால்
மூன்று பேருக்கும் கண் சிவந்திருந்தது,
சுருளிக்கும்கூட.

"கடைசில என்ன ஆச்சு?"

பிரனேஷ் சொன்னான்:
"சுறா வந்துச்சு. அப்புறம் போயிருச்சு."

"சுறா இல்லடா, அது இருட்டு" என்றாள் கார்குழலி.
"நத்தைக்குச் சத்தம் கெடைக்கவே இல்லம்மா.
ஆனா அது ஓட்டுக்குள்ள எடம் காலியா இருந்துச்சா,
எல்லாரும் அவங்கவங்க சத்தத்தக் கொண்டாந்து
கொஞ்ச நேரம் வச்சுட்டுப் போனாங்க."
"அப்ப சந்தோசமா முடிஞ்சுதா?"
"இல்ல. முடிஞ்சுச்சு."

சுருளி மிக்சி ரிப்பேர்க்காரர்.
ஓடவிட்டுக் கேட்டாலே பேரிங்கா புஷ்ஷா என்று சொல்லிவிடுவார்.
"இடது ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு" என்றார்.
"அந்தக் கடைசி இடத்துல ஒரு கரகரப்பு வந்துச்சு.
படத்துல உள்ளதா, கிழிசல்ல வந்ததான்னு தெரியல.
ஆனா, நல்லா இருந்துச்சு."

வாசலில் பருத்திப்பால்.
நாலு பேருக்கு மூணு டம்ளர்.
சூடு ஆறும் வரை யாரும் படத்தைப் பேசவில்லை.

எக்ஸெல்லில் வந்தோம்.
முன்னால் நின்றபடி பிரனேஷ்,
நடுவில் கார்குழலி, கடைசியில் நான்.
கோரிப்பாளையம் சிக்னலில் எண்பத்து நாலு என்று காட்டியது.
பெட்ரோலுக்குப் பயந்து
சுருளி எஞ்சினை நிறுத்தினார்.

"அம்மா," என்றாள் அவர் முதுகில் காதை வைத்திருந்தவள்,
"அப்பாவுக்குள்ள மிக்சி ஓடுது."

என் விரல் தானாக அவர் மணிக்கட்டுக்குப் போனது.
பிடித்தேன்.
எண்ணவில்லை.
எதிரே விளக்கில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன,
அறுபத்தொன்று, அறுபது,
அது எண்ணிக்கொள்ளட்டும்.

என் போனில் இவர் பெயர்
'சுருளி மிக்சி' என்றிருக்கிறது.
கல்யாணத்துக்கு முன்னால்
ஜாடி மூடி மாற்றக் கொடுத்தபோது பதிந்தது.
மாற்றலாமா என்று யோசித்தேன்.
அப்படியே இருக்கட்டும்.

பச்சை விழுவதற்கு மூணு வினாடி முன்பே
பின்னால் நின்ற ஷேர் ஆட்டோ
ஊரையே எழுப்புவது போல ஹாரன் அடித்தது.
பிரனேஷ் திரும்பி
அதே சுருதியில் பதிலுக்குக் கத்தினான்.