மியூட் போடாத சபை

நேசையன் மட்டும் நிறுத்தவில்லை.
ஏழரைக்கு முதல் மணி, எட்டுக்கு இரண்டாம் மணி.
"யாருக்கு வேய் அடிக்கீரு?" என்று கேட்டால்
"கயிறு சும்ம தொங்குனா எலி கடிச்சிரும் ஐயரே" என்பார்.

அருமனை போகும் சாலையில் போலீஸ் தடுப்பு.
ரப்பர் மரத்துச் சிரட்டைகளில்
பாலுக்குப் பதில் மழை.
நான் கைபேசிக்குப் பிரசங்கிக்கப் பழகினேன்.
நான்கு பாட்டுப் புத்தகம் அடுக்கி
அதன்மேல் அதைச் சாய்த்து வைத்தேன்.
திரைக்குத் தெரிவது வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை.
கீழே கட்டியிருப்பது சாரம்
என்பது கர்த்தருக்கும் ஷீபாவுக்கும் மட்டும் தெரியும்.

முதல் சில வாரம் யாருக்கும் மியூட் போடத் தெரியவில்லை.
பாவ அறிக்கையின் நடுவே
மேபல் பாய் வீட்டுக் குக்கர் மூன்று விசில்.
"சாளைக்கா இந்த வெல? போ அங்கோட்டு"
என்று யார் வாசலிலோ பேரம்.
எங்கோ ஒரு குழந்தைக்குக் கழுவிவிடுகிறார்கள்.
சபைப் பொருளர் ரசலையன், சந்தேகமே இல்லை, குறட்டை.

கோபம்தான் வந்தது.
பிறகு யோசித்தேன்.
இந்தச் சபையில் ஆறு வருடம் நான் பேசியதெல்லாம்
கஞ்சி போட்ட சேலைகளிடம்,
முதல் வரிசைத் தொண்டைச் செருமல்களிடம்.
இவர்கள் வீட்டில் இருக்கும் சத்தத்தை
இப்போதுதான் கேட்கிறேன்.

அடுத்த ஞாயிறு பொருளரின் மகன்
எல்லாரையும் ஒரே தட்டில் ஊமையாக்கினான்.
"இனி தொல்ல இல்ல ஐயரே."
ஆமென் சொல்ல ஒரு வாய் இல்லாத அந்த அமைதியில்
என் குரல் எனக்கே கசந்தது.
திறந்து விடு மக்கா, என்றேன்.
குக்கர் கேட்கட்டும்.

ஜூனில் எனக்கும் வந்தது.
பதினான்கு நாள் பின்னறை.
கதவுக்கு வெளியே ஸ்டூலில்
கஞ்சியும் காணத் துவையலும் வைத்து
தட்டிவிட்டு ஓடுவாள் ஷீபா.
மூச்சு முட்டிய ஓர் இரவில்
சபையார் என்னிடம் கேட்கும் கேள்வியை
நான் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கிடந்தேன்.
விடிந்தபோது எனக்கு வேண்டியது விசுவாசம் அல்ல,
உண்மையைச் சொல்கிறேன்,
நெத்திலிக் கருவாடு மணக்க வேண்டும், அவ்வளவுதான்.
ஒன்பதாம் நாள் ஜன்னல் வழியே
லேசாக, பிறகு நிச்சயமாக, ஒரு வாடை.
அழுதுவிட்டேன்.
"கரிஞ்சு போச்சு, கோவப்படாதீங்க" என்றாள் வெளியிலிருந்து.

மேபல் பாயின் வீட்டுக்காரர் தாசையன்
ஆசாரிப்பள்ளத்திலிருந்து வந்தது
இரவு பதினொன்றுக்கு, பிளாஸ்டிக் சுற்றி.
ஆம்புலன்ஸ் வெளிச்சத்தில் கல்லறைத் தோட்டம்.
முகமில்லாத உடுப்பில் நான்கு பேர்.
முப்பதடி தள்ளி மாமர மூட்டில் நான்.
மண் போடும்போது சொல்லும் வார்த்தைகளைச் சொன்னேன்.
முகக்கவசத்தில் முட்டி
அவை என் வாய்க்கே திரும்பின.
குவைத்திலிருந்து மகன் ஷிபின் வீடியோவில்.
"ஐயரே, அது அப்பாதானா? நீங்க பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை.
யாரும் பார்க்கவில்லை.
ஒட்டியிருந்த தாளில் பெயர் மழையில் கரைந்திருந்தது.
ஆமா மக்கா, என்றேன்.
அது பொய்யா விசுவாசமா என்று
இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அந்தத் தெருவுக்குக் கட்டிய தகரம் அவிழ்த்த பிறகு
படிக்கு வெளியே நின்று மேபல் பாயிடம் பேசினேன்.
சாப்பாடெல்லாம் எப்படி, என்றேன்.
"ஒரு ஆளுக்கு எதுக்கு குக்கர் ஐயரே, சட்டி போதும்."
நான் குக்கரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இந்த ஞாயிறும் நேசையன் இரண்டு மணியும் அடித்தார்.
புத்தக அடுக்கு, கைபேசி, சாரம்.
பாவ அறிக்கையின் நடுவில்
அந்த இடம் வந்ததும் தானாக நின்றுவிட்டேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
நெட் போய்விட்டது என்று அவர்களுக்கு நினைப்பு.
பத்துப் பதினைந்து குரல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக:
"ஐயரே, கேக்கல்ல.
ஐயரே, இங்கயும் கேக்கல்ல."