ஒன்பது நடை

நாங்கள் நாலாங்கட்டை என்பதற்கு
மலாயில் பத்து எம்பாட்.
பத்தா நாலா, சரியாச் சொல்லுப்பா என்கிறாள் ருபிணி.
பத்து என்றால் அவர்களுக்குக் கல், என்கிறேன்.
கல் எங்கே?

எதைக் காட்ட. எதிரே இருப்பது ஏரி,
கழுவிவிட்டுக் கவிழ்க்க மறந்த அண்டா போல,
பாசி நிறத்தில், அடி தெரியாமல்.

பதினொரு வருடம் இங்கிருந்து லோரி ஓட்டினேன்.
நாளுக்கு ஒன்பது நடை. மழையென்றால் ஆறு.
கிராணியின் நோட்டில் என் பெயருக்கு நேரே
கோடு கோடாய் நிற்கும் என் நடைகள்,
ஐந்தாவது மட்டும் குறுக்கே படுத்திருக்கும்.
ஓரத்துச் செம்பனைகள் எல்லாம் அப்போது
முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு நின்றன.
குவாரியை மூடிய வருடம் ருபிணி பிறந்தாள்.

இன்றைக்கு ஞாயிறு. ஒரே ஒரு நடை.
நீலப் பாதை, எண்ணூறு மீட்டர்,
தள்ளுவண்டி போகலாம் என்று படம் போட்டிருக்கிறது.
வண்டியில் சின்னவன்.
வண்டிக்கு அடியில் நாலு பொட்டலம் நாசி லெமாக்.
கொசு மருந்தை மறந்தது யார் என்பதில்
எனக்கும் தமயந்திக்கும் இன்னும் முடிவு வரவில்லை.

முன்னால் ஒரு மலாய்க் குடும்பம்,
ஐந்து பிள்ளைகள், ஒரே துணியில் தைத்த சட்டை.
கடைசிப் பிள்ளை ஒவ்வொரு பெஞ்சிலும்
உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் நகர்கிறது.
ருபிணியும் உட்கார்ந்து பார்க்கிறாள்.
இந்த வேகத்தில் எண்ணூறு மீட்டருக்கு ஒரு மணி நேரம்.
ஒரு மணி நேரத்தில் நான்
இறக்கிவிட்டுத் திரும்பி வரிசையில் நின்றிருப்பேன்.

பாறைச் சுவரில் மேலிருந்து கீழாய்
பென்சிலால் கோடு போட்ட மாதிரித் துளைகள்.
ஒன்றில் பெரணி, விரல் நீளம்.
ஒன்றில் தேனீ போகிறது, வருகிறது.
இவ்வளவு நேராத் தோண்டினது தேனீயாப்பா?
ஷொஃபிக் தோண்டினான், டாக்காவுக்கு அந்தப் பக்கத்துக்காரன்.
மருந்து வைப்பான், சங்கு ஊதும்,
லயத்துக் கோழிகள் சங்குக்கு முன்னாலேயே ஓடும்.
தேனீ இல்லை என்று மட்டும் சொன்னேன்.

உடும்பு ஒன்று பாதையைக் கடக்கிறது,
அளவுக்கு மேல் ஏற்றிய லோரியாய் வால் இழுபட.
எல்லாக் குடும்பமும் நிற்கிறது.
சின்னவன் அதைப் பார்த்து
மாமா, என்கிறான்.
தமயந்தியின் அண்ணனிடம் இதைச் சொல்லக் கூடாது.

மலை எங்கே போச்சு? ருபிணி விடவில்லை.
கொஞ்சம் நெடுஞ்சாலைக்குப் போச்சு, இப்போ வந்தோமே.
கொஞ்சம் உன் பள்ளிக்கூடத் திடலுக்கு அடியில்.
கொஞ்சம் கோலாலம்பூரில் பதினெட்டு மாடியாய் நிற்கிறது,
நாம் உள்ளே போனதில்லை.
கொஞ்சம் என் நெஞ்சில்.
ஈப்போ ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டினார்கள்,
இரண்டு பக்கமும் பொடிப் பொடியாய்.
அதைச் சொல்லவில்லை. இருமினேன்.

வெளிவாசலில் நாலு மொழியில் பலகை:
கர்களை எடுத்துச் செல்லாதீர்.
காவலாளி, நேப்பாளி, ருபிணியின் பையைக் காட்டுகிறான்.
வீங்கியிருக்கிறது.
எடுத்து நீட்டுகிறாள்.
கோழி முட்டையளவு, ஒரு பக்கம் மினுக்கம்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
நடைக்குப் பதினெட்டு டன்.
எடை பார்த்து, சீட்டு எழுதி,
கேட்டைத் திறந்து கையும் ஆட்டி அனுப்பினார்கள்.
தமயந்தி முறைக்கிறாள்.
அந்த மனுசன் அவன் வேலையைச் செய்றான், விடுங்க.

எடுத்த இடத்திலேயே வைக்கணுமாம்.
ஏழாவது பெஞ்சுக்கு அடியிலே, என்கிறாள் ருபிணி,
துல்லியமாய், கிராணி மாதிரி.
அடைக்க இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது.
சரி, வா.

பதினொரு வருடத்தில்
நான் உள்ளே கொண்டுபோகும் முதல் லோடு.
அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறாள்.
நாலாவது பெஞ்சில் இருமல் வந்துவிட்டது.
நீ போய் வைத்துவிட்டு வா என்று
நானும் உட்கார்ந்து பார்த்தேன்.
பரவாயில்லை, முதுகுக்கு நன்றாகத்தான் இருக்கிறது.