நோக்கம்: இருநூறு எழுத்துக்குள்

வியாழக்கிழமை தரமதிப்பீட்டுக் குழு வருகிறது.
பன்னாட்டுப் பிரிவில் எழுத்தர் நான்.
சுவரில் பதினொரு ஒப்பந்தங்கள், கண்ணாடிச் சட்டத்துக்குள்.
கையெழுத்தான அன்று டவுனில் வாங்கி
அல்வா கொடுத்தோம்.
அப்புறம் அவர்களும் கொடுத்துவிட்டார்கள்.

அயல்நாட்டு மாணவர்: ஒருவர்.
ரெஹேமா, தான்சானியா, நீரியல்.

நேற்று கொம்பன்குளத்து மறுகாலில்
செருப்பைக் கையில் பிடித்தபடி கேட்டாள்:
"மிஞ்சுன தண்ணி எங்க போவும்?"
விடுதி அடுப்படியில் படித்த தமிழ்.

அடுத்த குளத்துக்கு, என்றேன்.
"அது எங்க?"

பிறந்து வளர்ந்த ஊர்.
முழித்தேன்.

ஓடைத் தடத்தில் நடந்தோம்.
உடைமுள், பாலிதீன், ஒரு செத்த மயில்,
அப்புறம் மதில்.
அந்தப் பக்கம் எங்கள் பல்கலைக்கழகம்.
ஓடையை மறித்து நிற்கிறது
பன்னாட்டு மாணவர் விடுதி,
நாற்பது அறை.
முப்பத்தொன்பதில் இருட்டு.

"அந்த லைட்டு என்னுது" என்றாள்.
"அணைக்க மறந்துட்டேன்."

படிவத்தில்
'பன்னாட்டுமயமாக்கலின் நோக்கம்' கட்டம் இன்னும் காலி.
இன்று காலை அவளையே கேட்டு நிரப்பலாமென்று போனேன்.
அறை பூட்டிக் கிடக்கிறது.
பழைய வரைபடம் கேட்டு
தாலுகா ஆபீசுக்குப் போயிருக்கிறாளாம்.