மாசிலாமணி ஓடுகிறார்

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயர்.
பதிவுப் படிவம் அதை மட்டும் எடுத்துக்கொண்டது.
நான்கு ஊக்குகளால் நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்கிறேன்:
2716, மாசிலாமணி.
பூங்கோதை என்று யாரும் இந்தப் பந்தயத்தில் இல்லை.

தோஹா கார்னிஷ். ஜனவரி. காலை ஐந்து.
தவ் படகுகள் இன்னும் விளக்கணைக்கவில்லை.
முதல் கிலோமீட்டரிலேயே ஒருவன் ஆரம்பித்தான்,
"கமான், மாசிலா!"
திரும்பிப் பார்த்தேன்,
அப்பா எங்காவது பின்னால் வருகிறாரா என்று.
நெல்லிக்குப்பம் ஆலையில் கரும்பு லாரிகளை
முப்பத்தோரு வருடம் எடை போட்டவர்.
பஸ் பிடிக்கக்கூட ஓடியதில்லை.
"அடுத்தது வரும்" என்பார்.

எட்டாவது கிலோமீட்டரில் செண்டை.
ஏதோ ஒரு மலையாளி சங்கம், பத்துப் பேர்,
விடியாத வெளிச்சத்தில் முண்டும் கூலிங்கிளாஸும்.
வேகத்தைப் பிடித்துவைக்க வேண்டிய இடம் அது.
நான்கு மாதமாகக் கைக்கடிகாரத்தோடு
போட்டிருந்த ஒப்பந்தம்.
கால் கேட்கவில்லை.
அந்த இரண்டு நிமிடத்துக்கான வட்டியை
முப்பதுக்கு மேல் கட்டினேன்.

ஓடாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்.
பத்தொன்பதில் நின்றுகொண்டு
"இதோ, கிட்டத்தான்" என்று சொல்லாதீர்கள்.
இன்னும் இருபத்து மூன்று இருக்கிறது.
உங்களை அடிக்கத் தெம்பில்லாமல்தான்
கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறோம்.
"சிரிங்க" என்றும் சொல்லாதீர்கள்.
பலகை பிடிக்கலாம், எழுத்து பெரிதாக இருக்கட்டும்.
இருபத்திரண்டில் பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி பிடித்திருந்தாள்:
'என் நைட் டியூட்டி முடிஞ்சது. உன்னுது?'
அவளைத் தாண்டி வெகுதூரம்
யாரும் கேட்காமலே சிரித்துக்கொண்டு போனேன்.

ஆரஞ்சு தின்ற கையை நீட்டிய ஒரு பொடியனிடம்
உள்ளங்கையில் அறை வாங்கினேன்.
பிசுபிசுப்பை உப்போடு சேர்த்து நக்கினேன்.
வெட்கமெல்லாம் இருபத்தைந்தோடு சரி.

இருபத்தெட்டிலிருந்து யாரும் இல்லை.
லுசைல் பக்கத்து அகலச் சாலை,
முட்டுக்கொடுத்து நட்ட பேரீச்சைகள்,
போனில் பேசியபடி ஒரு போலீஸ்காரர்.
என் மூச்சு எனக்கே அந்நியமாகக் கேட்டது.
யாராவது வந்து ஒரு பொய் சொன்னால் தேவலை.
'கிட்டத்தான்' என்றால் இப்போது நம்புவேன்.

முப்பத்து மூன்று.
அடைத்த சாலைக்கு அந்தப் பக்கம் வெள்ளை பஸ்,
ஜன்னல் கம்பி, நீலச் சட்டைகள்.
ஒருவர் வெளியே கைவிட்டுத் தகரத்தைத் தட்டினார்.
இன்னொருவர் தட்டினார்.
பிறகு பஸ் முழுக்கத் தட்டியது.
ஓடிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டேன்.
முப்பத்தைந்து வரை
வலி எந்தக் காலில் என்றே தெரியவில்லை.

அப்புறம்தான் உறைத்தது.
இரவு ஷிப்ட் முடிந்து சனையா திரும்பும் வண்டி அது.
ஏழு மணியிலிருந்து நிறுத்திவைத்திருப்பார்கள்,
எங்களுக்காக.
தட்டியது எனக்கில்லை, போலீசுக்கு.
வழிய விடுங்கய்யா, தூங்கணும்.
நான் வேறு கும்பிட்டேன்.
அதை என்னவென்று எடுத்துக்கொண்டார்களோ.

நாற்பது வரை ஓடியது இதைத்தான்.
கடையில் மிச்சச் சில்லறை அதிகமாகத் தந்ததை
வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தவள் மாதிரி.
திருப்பிக் கொடுக்கக் கடை எங்கே என்று தெரியாது.
ஆனால் அந்தச் சில்லறையில்தான்
இரண்டு கிலோமீட்டர் வாங்கினேன்.

முடிவுக் கோட்டில் ஒலிபெருக்கி
"மசாலா மணி!" என்று கூவியது.
நான்கு மணி நாற்பத்தொன்று.
புல்லில் சரிந்து, பதக்கத்தை வாயில் கடித்தபடி
அப்பாவைக் கூப்பிட்டேன்.

"என் பேரச் சொல்லியா கத்துனாங்க?"
"ஆமாம்ப்பா."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஃபேன் ஓடும் சத்தம்.
"எத்தன பேரு இருக்கும்?"

தோராயம் சொன்னால் அவருக்குப் பிடிக்காது.
பஸ்ஸையும் சேர்த்துக்கொண்டு,
"அறுநூத்தி நாப்பத்தேழு" என்றேன்.