முன்சக்கர டிஸ்க்

டிரம்மைக் கழற்றியதும்
கறுத்த தூள் கொட்டியது தூரிட் மடியில்.
அறுபத்தாறாம் வருட வோல்வோ.
பெர்கன் மழையில், இறக்கத்தில்,
நிற்கலாமா என்று யோசித்த பிறகே நிற்கும்.

டிஸ்க், காலிப்பர், புது ஹோஸ் எல்லாம் மாட்டியாயிற்று.
குழாயில் சிக்கிய காற்றை எடுக்க மட்டும்
இன்னொரு கால் வேண்டும்.
விவாகரத்தான ஒட்வாரைக் கூப்பிட்டாள்.
வந்தான்.

அழுத்து.
பிடி.
விடு.
ஒன்றரை மணி நேரம்
வேறு பேச்சில்லை.
கண்ணாடிக் குப்பிக்குள் குமிழிகள்
குறைந்து, குறைந்து, ஒன்று,
அப்புறம் வெறும் ஆயில்.

துறைமுகத்துக்கு இறங்கும் சரிவில்
மிதித்தாள்.
பட்டென்று நின்றது.
சீட்டுக்கு அடியிலிருந்து உருண்டு வந்து
அவன் பூட்ஸில் முட்டியது
ஏழு வருஷத்துக்கு முன்
நீதான் தொலைத்தாய், நீதான் தொலைத்தாய் என்று
விடிய விடியச் சண்டை போட்ட
பிளாஸ்க் மூடி.

யாரும் குனியவில்லை.
பின்னால் பஸ்
ஹாரன் அடித்தது.